கணக்கியற் சஞ்சிகைகளின் பெருக்கம்: ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச் சஞ்சிகையொன்று ஆண்டுக்கு எத்தனை முறை வெளிவருகின்றது என்பதனை விமர்சகர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அஃது அச்சகத்தாருக்கும் நூலகருக்கும் உரிய விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாகும். உள்ளடக்கமன்றோ முக்கியம், இதழ்களின் எண்ணிக்கையில் ஆராய்வதற்கு என்ன உண்டு என்ற வினா எழுவதும் இயல்பே. ஆயினும், கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் மேனாட்டுக் கணக்கியற் சஞ்சிகைகள் அடைந்த பெருக்கத்தை நோக்குமிடத்து, நான்கு இதழ்கள் ஆறாகி, ஆறு எட்டாகிய அந்தச் சிறிய எண்கணிதத்துக்குள்ளே ஓர் அறிவுத்துறையின் வரலாறும், அதனைத் தாங்கி நின்ற பொருளாதார உறவுகளும், அதற்குள் நிகழ்ந்த கருத்துப் போராட்டமும் ஒருங்கே பதிவாகியிருப்பதை அவதானிக்கலாம்.

கணக்கியல் என்றவுடன் முற்போக்கு வாசகர் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அது வணிக மாணவரின் பாடம், பற்றும் வரவும் சமப்படுத்தும் கைவினை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணத்தை மார்க்ஸ் கொண்டிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1885 இல் ஏங்கெல்ஸ் பதிப்பித்து வெளியிட்ட 'மூலதனம்' இரண்டாம் தொகுதியிலே கணக்குவைப்பைப் பற்றிய ஒரு சிறு பகுதி உண்டு. உற்பத்தி எவ்வளவுக்குச் சமூகத்தன்மை பெறுகின்றதோ அவ்வளவுக்குக் கணக்குவைப்பின் இன்றியமையாமையும் கூடும் என்ற கருத்து ஆங்கு முன்வைக்கப்படுகின்றது. கூலி எது, செலவு எது, இலாபம் எது என்ற பிரிப்பு தொழிற்சாலையில் நிகழ்வதற்கு முன்னரே ஏட்டில் நிகழ்ந்துவிடுகின்றது. அந்த ஏட்டினை இயற்கைப் பொருள்போல ஏற்றுக்கொள்வதா, சமூகப் பொருளாகக் கொண்டு வினவுவதா என்பதே இத்துறையின் அடிப்படைச் சச்சரவாகும். இச்சச்சரவுக்கு இடமளிக்கத் தோன்றியவையே நாம் ஈண்டு நோக்கும் சஞ்சிகைகள்.

இத்துறையின் பழைய சஞ்சிகை 'அக்கவுன்ரிங் றிவியூ' என்பதாகும். 1916 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணக்கியல் ஆசிரியர்கள் அமைத்துக்கொண்ட சங்கம், பத்தாண்டுகள் கழித்து, 1926 இல் இதனைத் தொடங்கிற்று. (அச்சங்கமே 1936 இல் அமெரிக்கக் கணக்கியற் சங்கம் எனப் பெயர் மாறியது.) பல தசாப்தங்களாக அது காலாண்டிதழாகவே இருந்தது. ஐந்து இதழ்களையும், பின்னர் ஆறு இதழ்களையும் அது எட்டியது இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேதான். முதலாவது உலகப் போருக்கும் இரண்டாவது போருக்கும் இடைப்பட்ட காலம், 1929 இன் பெருமந்தம், பெருங் கூட்டுத்தாபனங்களின் எழுச்சி ஆகிய அனைத்தையும் ஆண்டுக்கு நான்கு இதழ்களுக்குள் அடக்கிவிட முடிந்த துறைக்கு, 2000 ஆம் ஆண்டின் பின் ஏன் அவை போதாமற் போயின என்ற வினாவைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

1959 இல் ஃபோர்ட் நிதியமும் கார்ணகி நிறுவனமும் ஆதரித்த இரு அறிக்கைகள் அமெரிக்க வணிகக் கல்வியைக் கடுமையாகச் சாடின. அது தொழிற்பயிற்சியாகவே உள்ளது, விஞ்ஞானமாக இல்லை என்பது அவற்றின் குற்றச்சாட்டு. இதன் விளைவாக மேற்கிளம்பிய புதிய போக்கின் குரலாகச் சிக்காக்கோப் பல்கலைக்கழகம், இலண்டன் பொருளியற் கல்லூரியுடன் இணைந்து, 1963 இல் 'ஜேர்னல் ஒஃப் அக்கவுன்ரிங் றிசேர்ச்' என்ற சஞ்சிகையைத் தொடங்கிற்று. 1968 இல் றே போல், பிலிப் பிறவுண் ஆகிய இருவரும் நிறுவன இலாப அறிவிப்புகளுக்கும் பங்கு விலைகளுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இதிலேதான் வெளியாயிற்று. அதற்கு முன்னர் அதே கட்டுரையை 'அக்கவுன்ரிங் றிவியூ' நிராகரித்திருந்தது. பிற்காலத்தில் அமெரிக்கக் கணக்கியலாய்வின் மூலக்கல் எனப் போற்றப்பட்ட ஆக்கம் முதலிற் கணக்கியலே அன்று என்று திருப்பி அனுப்பப்பட்டதென்பது சிந்தனைக்குரியது. சஞ்சிகையின் பக்கம் என்பது வெறும் தாள் அன்று. எது துறைக்குள் அடங்கும், எது அடங்காது என்று எல்லை வகுக்கும் அதிகாரம் அதிலேதான் குடிகொண்டுள்ளது. ஆகவே பக்கங்கள் கூடுவதை வணிகத் தந்திரம் என்று மட்டும் கொள்வோர் இவ்வுண்மையின் ஒரு பாதியைத் தவறவிடுகின்றனர்.

இவ்வாறு உள்ளே வந்த புதிய போக்கு மிக விரைவிலேயே தானும் ஒரு வைதிகமாயிற்று. சந்தையே நீதிபதி, பங்கு விலையே சாட்சி என்ற கோட்பாடு 1970களில் வலுப்பெற்றது. றொஸ் வாற்ஸ், ஜெறோல்ட் சிமர்மன் ஆகியோர் 1978, 1979 ஆம் ஆண்டுகளில் 'அக்கவுன்ரிங் றிவியூ' சஞ்சிகையில் எழுதிய இரு கட்டுரைகள் இதன் உச்சமாகும். இரண்டாவது கட்டுரை, கணக்கியற் கோட்பாடுகளையே சாட்டுப்போக்குகளின் சந்தையில் விலைபோகும் சரக்குகளாகக் கண்டது. ஒருவகையில் இது துணிச்சலான பார்வைதான். ஆனால் சாட்டுப்போக்கு எந்த வர்க்கத்துக்குத் தேவைப்படுகின்றது என்ற வினாவின் வாயிலில் வந்து அது நின்றுவிட்டது. 1979 இலேயே இப்போக்கினர் தமக்கெனப் 'ஜேர்னல் ஒஃப் அக்கவுன்ரிங் அன்ட் எக்கொனொமிக்ஸ்' என்ற சஞ்சிகையையும் தொடங்கிக்கொண்டனர்.

இதற்கு மறுதலையான முயற்சி பிரித்தானியாவிலே உருவாயிற்று. 1976 இல் அன்ரனி ஹொப்வூட்டை ஆசிரியராகக் கொண்டு 'அக்கவுன்ரிங், ஓகனைசேஷன்ஸ் அன்ட் சொசைற்றி' வெளிவரலாயிற்று. பெயரையே தமிழில் 'கணக்கியல், நிறுவனங்கள், சமூகம்' எனலாம்; இனி இவ்வாறே குறிப்பிடுவோம். மூன்றாவதாக நிற்கும் அந்தச் சொல்லே அக்காலத்தில் ஓர் அறைகூவலாக இருந்தது. ஹொப்வூட் சிக்காக்கோவிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். சந்தைக் கோட்பாட்டின் தாய்வீட்டிலே பயின்றவர் அதற்கு வெளியே நின்று சமூகவியலாளர்களையும் மெய்யியலாளர்களையும் வரலாற்றாசிரியர்களையும் கணக்கியலுக்குள் அழைத்தமை விதந்து கூறத்தக்கது.

இச்சஞ்சிகை ஆண்டுக்கு நான்கு இதழ்களாகத் தொடங்கிற்று. 1980களின் நடுப்பகுதியில் ஆறாயிற்று. 1990களின் தொடக்கத்தில் எட்டாயிற்று. எட்டு என்றாலும் இரண்டு இலக்கங்களை ஒரே அட்டைக்குள் கட்டி வெளியிடும் வழக்கம் அடிக்கடி கையாளப்பட்டது. ஏழாம் எட்டாம் இதழ்கள் ஒன்றாக வரும்போது எண்ணிக்கை எட்டு, கையிற் கிடைப்பது ஏழு. ஆண்டு மலர் ஒன்றைக் கொண்டுவருவதற்கே பெரும்பாடுபடும் எமது பல்கலைக்கழகச் சங்கங்களின் இதழாசிரியர்களுக்கு இந்த உபாயம் புதியதன்று.

முதலாவது விரிவாக்கத்தை எவ்விதத் தயக்கமுமின்றி வரவேற்கலாம் என்பதே எமது கருத்து. ஏனெனில், பக்கங்கள் கூடுமுன்னர் அவற்றை நிரப்பவேண்டிய வினாக்கள் கூடியிருந்தன. 1980 இல் ஸ்ருவர்ட் பேர்ச்செல் முதலிய ஐவர் கணக்கியலின் பணிகள் பற்றி எழுதிய கட்டுரை, கணக்கு என்பது தீர்மானங்களுக்கு விடை தரும் கருவி மாத்திரமன்று, எடுத்த தீர்மானத்துக்கு நியாயம் கற்பிக்கும் கருவியாகவும் எதிரியைத் தாக்கும் ஆயுதமாகவும் பயன்படுகின்றது என்று காட்டிற்று. 1982 இல் ரோனி ரிங்கர், பார்பரா மெறினோ, மரிலின் நைமார்க் ஆகியோர், சார்புநிலையற்ற விஞ்ஞானம் எனத் தம்மை அழைத்துக்கொண்ட வாற்ஸ், சிமர்மன் குழுவினரின் கோட்பாடு எந்தப் பெறுமானக் கொள்கையின் மடியிற் பிறந்தது என்பதை வரலாற்று அடிப்படையில் எடுத்துக்காட்டினர். அக்கட்டுரையை அமெரிக்கச் சஞ்சிகை எதுவும் அன்று வெளியிட்டிருக்குமா என்பது ஐயமே.

ஆறு இதழ்களாக வந்த ஆண்டுகள் இன்னும் வளமானவை. 1986 இல் ஆன் லொஃப்ற், பிரித்தானியாவில் உற்பத்திச் செலவுக் கணக்கியல் ஒரு தொழிலாக உருப்பெற்றதை முதலாவது உலகப் போரோடும் போர்க்கால அரசின் கட்டுப்பாடுகளோடும் இணைத்து விளக்கினார். அதே ஆண்டில் கீத் ஹொஸ்கின், றிச்சர்ட் மக்வே ஆகியோர், பரீட்சை எழுதிப் புள்ளி பெறும் கல்விமுறையும் கணக்கேட்டின் அதிகாரமும் ஒரே எழுத்து மரபிலிருந்து கிளைத்தவை என வாதிட்டனர். 1987 இல் ஹொப்வூட் யொசையா வெஜ்வூட்டின் பதினெட்டாம் நூற்றாண்டு மட்பாண்டத் தொழிற்சாலைக் கணக்குகளைத் தோண்டி ஆராய்ந்தார். அதே இதழில் பீற்றர் மில்லரும் ரெட் ஒலியறியும், நியமச் செலவு முறை எவ்வாறு தொழிலாளியை அளந்து ஆளத்தக்க ஆளாக மாற்றிற்று என்று எழுதினர். பூக்கோவின் செல்வாக்கு இக்கட்டுரைகளில் மிகுதி. அதிகாரம் எங்கும் பரந்துள்ளது என்று கூறுமிடத்து, அதனால் யார் ஆதாயமடைகின்றனர் என்ற வினா மங்கிப்போகின்றது என்பது எமது முறைப்பாடு. ஆயினும் தொழிலாளியின் உடலசைவுக்கும் பேரேட்டின் நிரலுக்கும் இடையிலான தொடர்பை இவ்வளவு கூர்மையாக அதற்கு முன்னர் எவரும் காட்டியதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

இனி, இச்சஞ்சிகையின் உடைமையாளரைப் பற்றிச் சிறிது கூறாமல் அப்பாற் செல்லவியலாது. அதனை வெளியிட்டது பேர்கமன் பதிப்பகம். அதன் அதிபர் றொபேட் மக்ஸ்வெல். 1951 இல் அவர் கைக்கு வந்த இப்பதிப்பகம் போருக்குப் பிந்திய விஞ்ஞான வளர்ச்சியோடு சேர்ந்து வளர்ந்தது. அதன் வணிக இரகசியம் மிக எளிமையானது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவை வாங்கலாம். ஒரு சஞ்சிகைக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கமுடியாது. ஒவ்வொரு சஞ்சிகையும் தனக்குள்ளே ஓர் ஏகபோகம். எழுதுவோர் கூலி கேட்பதில்லை, மதிப்பீடு செய்வோரும் கேட்பதில்லை. இருதிறத்தார்க்கும் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் ஆண்டு முழுவதற்குமான சந்தாவை முற்பணமாகச் செலுத்தி அதனைத் திரும்ப வாங்குகின்றது. இந்த ஏற்பாட்டில் இதழ்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது என்பது சந்தாவைக் கூட்டுவதற்குக் கிடைக்கும் மிகக் கண்ணியமான காரணமாகும். உபரி உழைப்பு என்ற கருத்தை விளங்கப்படுத்த இதைவிடச் சிறந்த உதாரணத்தைத் தேடி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. கணக்கியலின் சமூகத்தன்மையை ஆராய்ந்த அச்சஞ்சிகையின் பின்னட்டையிலேயே அது இருந்தது.

முரண்நகை இத்துடன் முடியவில்லை. 1971 இல் பிரித்தானிய வர்த்தக அமைச்சின் விசாரணையாளர்கள், பொதுமக்களின் பங்குகளைக் கொண்ட கம்பனியொன்றின் பொறுப்பை நம்பி ஒப்படைக்கத்தக்கவர் அல்லர் மக்ஸ்வெல் என முடிவு கூறியிருந்தனர். பிறர் பொருளுக்குக் கணக்குக் காட்டும் கடப்பாடே கணக்கியலின் ஆதி இலட்சணம். அதற்குத் தகுதியற்றவர் எனத் தீர்க்கப்பட்டவர், 1974 இல் பேர்கமனைத் திரும்பக் கைப்பற்றி, இரண்டாண்டுகளில் ஒரு கணக்கியற் சஞ்சிகையின் வெளியீட்டாளரானார். 1991 இல் கடன் நெருக்கவே பேர்கமனை 440 மில்லியன் பவுணுக்கு எல்செவியர் கம்பனிக்கு விற்றார். அவ்வாண்டு நவம்பரிற் கடலில் இறந்தார். அவரது 'மிறர்' பத்திரிகைக் குழுமத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியிலிருந்து பலநூறு மில்லியன் பவுண் எடுக்கப்பட்டிருந்தமை அதன் பின்னரே வெளியாயிற்று. அந்நிதியின் கணக்குகளும் ஆண்டுதோறும் ஆய்வு செய்யப்பட்டவையே. சமூகத்திற் கணக்கியலின் பங்கு யாது என்று பதினைந்து ஆண்டுகளாக வினவிக்கொண்டிருந்த சஞ்சிகைக்கு இதைவிட அண்மையில் ஓர் ஆய்வுப்பொருள் கிடைத்திருக்க முடியாது.

எட்டு இதழ்களாகிய பின்னர் 'கணக்கியல், நிறுவனங்கள், சமூகம்' தனித்து நிற்கவில்லை. 1988 இல் அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் கத்றியும் லீ பார்க்கரும் 'அக்கவுன்ரிங், ஓடிற்றிங் அன்ட் அக்கவுன்ரபிலிற்றி' சஞ்சிகையைத் தொடங்கினர். 1990 இல் ரிங்கரும் டேவிட் கூப்பரும் 'கிறிற்றிக்கல் பேர்ஸ்பெக்ரிவ்ஸ் ஒன் அக்கவுன்ரிங்', அதாவது 'கணக்கியல் மீதான விமர்சன நோக்குகள்' என்பதைத் தொடங்கினர். முன்னையது ஒரு சில இதழ்களாகவும் பின்னையது காலாண்டிதழாகவும் புறப்பட்டு, இரண்டும் காலப்போக்கில் எட்டு இதழ்களை எட்டின. சோவியத் ஒன்றியம் சரிந்துகொண்டிருந்த வேளையில், மார்க்சியத்தின் மரண அறிவித்தலைப் பலரும் எழுதிக்கொண்டிருந்த வேளையில், மார்க்சியச் சார்பு கொண்ட ஒரு கணக்கியற் சஞ்சிகை பிறந்து இருமடங்காக வளர்ந்தமை இலேசான செய்தியன்று. ஏனைய சமூக விஞ்ஞானங்களில் வெளியேற்றப்பட்ட வினாக்கள் வணிகக் கல்லூரியின் நிலவறையில் புகலிடம் தேடிக்கொண்டன எனலாம்.

இந்த இரண்டாவது விரிவாக்கத்தின் பயனாகவே எமது நாடும் இச்சஞ்சிகைகளின் பக்கங்களுக்குள் நுழைந்தது. இலங்கையிலிருந்து சென்று பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிற் கற்பிப்போரான தந்துரே விக்கிரமசிங்கவும் சந்தன அலவத்தகேயும் இதில் முன்னின்றவர்கள். 2005 இல் விக்கிரமசிங்கவும் ரிறெவர் ஹொப்பரும் சிங்களக் கிராமமொன்றின் நெசவாலையை எடுத்துக்கொண்டு, மேனாட்டு வரவுசெலவுக் கட்டுப்பாடுகள் கிராமத்துப் பண்பாட்டு உறவுகளோடு மோதியவாற்றை 'விமர்சன நோக்குகள்' சஞ்சிகையில் விளக்கினர். 2009 இல் அலவத்தகேயும் விக்கிரமசிங்கவும் இரு கட்டுரைகளைப் பெருந்தோட்டங்களைப் பற்றி எழுதினர். ஒன்று குடியேற்றவாதக் காலப் பெருந்தோட்டங்களிற் பிணைக்கப்பட்ட உழைப்பின் மீதான கட்டுப்பாடும் கணக்கும் நிலைபெற்ற வரலாறு. 'விமர்சன நோக்குகள்' அதனை வெளியிட்டது. மற்றையது தேயிலைத் தோட்டத்து அடித்தள மக்களின் விடுதலைக் கணக்கியல் பற்றியது. கத்றி, பார்க்கர் ஆகியோரின் சஞ்சிகையில் வந்தது. பலவீனரின் ஆயுதங்கள் என்ற அதன் தலைப்பு ஜேம்ஸ் ஸ்கொற்றின் 1985 ஆம் ஆண்டு நூலை நினைவூட்டுவது.

பெருந்தோட்டத்தைக் கணக்கியலின் பார்வையில் ஆராய்வதன் பொருத்தத்தைத் தோட்டத்திற் பிறந்த வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆங்கு நாள் என்பது சூரியனால் அளக்கப்படுவதில்லை. செக்றோலில் விழும் பேரால் அளக்கப்படுகின்றது. பேர் விழுந்தால் ஒரு நாட் சம்பளம். நிறை குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ அரைப்பேர். மனிதரின் பெயர் என்ற சொல்லே கூலியின் அலகாக மாறிவிட்ட வேறொரு மொழிவழக்கைக் காண்பது அரிது. கொழுந்து நிறுக்கும் தராசு, கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் நிறை, கணக்கப்பிள்ளை என்ற பதவிப் பெயர், கங்காணி தனது ஆட்கள் வேலைக்கு வந்த கணக்கிற் பெற்ற தலைக்காசு ஆகிய யாவும் ஒரு கணக்கியல் முறைமையின் உறுப்புகளே. பெண்ணின் பேர் ஏட்டில் விழ, அவளது சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ பெற்றுக்கொண்ட வழக்கமும் இம்முறைமைக்குப் புறம்பானதன்று. ஏடு உழைப்பைப் பதிவு செய்தது. உழைத்தவளைப் பதிவு செய்யவில்லை.

துண்டு முறை இதனிலும் கொடியது. கங்காணியின் குழுவினர் பட்ட கடன் முழுவதையும் குறித்து, அத்தொகை செலுத்தப்படின் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. வேறொரு தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கொடுத்த தொகை அவர்கள் தலையிலேயே மீண்டும் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தின் ஏட்டில் வரவேண்டிய கடனாக நின்ற மனிதர், மறு தோட்டத்தின் ஏட்டில் மேலும் பெருத்த கடனாக எழுதப்பட்டனர். 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இது நிலவிற்று. அடிமைச் சந்தையிற் சங்கிலி செய்ததை இங்கே ஒரு காகிதத் துண்டு செய்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிற்று. உடைமை மாறிய ஒவ்வொரு முறையும் ஏட்டின் மேலட்டை மாறியது. பேரும் அரைப்பேரும் மாறவில்லை.

இத்தகைய பொருளுக்கு உலக ஆய்வரங்கில் இடம் கிடைத்தமை அச்சஞ்சிகைகள் பெருகியமையால் விளைந்த நன்மையே. நான்கு இதழ்களுக்குள் இலண்டனும் சிக்காக்கோவும் மட்டுமே அடங்கியிருக்கும். நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இடம் கிடைத்திராது. இதனை மறைத்துவிட்டுப் பெருக்கத்தைப் பழிப்பது நேர்மையாகாது.

ஆயினும் மூன்றாவதொரு பெருக்கம் உண்டு. அதனை வினாக்கள் உந்தவில்லை, எண்ணிக்கை உந்திற்று. 1986 இற் பிரித்தானிய அரசு பல்கலைக்கழகங்களின் ஆய்வைத் தரப்படுத்தும் முதலாவது மதிப்பீட்டை நடத்திற்று. 1989, 1992, 1996, 2001, 2008, 2014, 2021 எனப் பெயர்மாறிப் பெயர்மாறி அது தொடர்ந்தது. 2001 முதல் 2014 வரையான மதிப்பீடுகளில் ஆசிரியர் ஒவ்வொருவரும் நான்கு ஆக்கங்கள் வரை காட்ட வேண்டியிருந்தது. காட்டப்படும் ஆக்கம் எந்தச் சஞ்சிகையில் வந்தது என்பதே அதன் தகுதியாயிற்று. வணிகக் கல்லூரிகள் சஞ்சிகைகளுக்கு நட்சத்திரப் புள்ளி வழங்கும் பட்டியல்களைத் தயாரித்துக்கொண்டன. 2018 ஆம் ஆண்டுப் பட்டியலில் 'கணக்கியல், நிறுவனங்கள், சமூகம்' உச்சத் தரத்தில் அமெரிக்கச் சஞ்சிகைகளோடு சமாசனம் பெற்றது. 'விமர்சன நோக்குகள்' மூன்றாந் தரத்தில் நின்றது. 'பினான்சியல் ரைம்ஸ்' பத்திரிகை கல்லூரிகளைத் தரப்படுத்தப் பயன்படுத்தும் ஐம்பது சஞ்சிகைகளிலும் முன்னையது இடம்பெற்றது. மூலதனத்தின் நாளேடு வழங்கும் நற்சான்றிதழ் ஒரு விமர்சனச் சஞ்சிகைக்கு எத்தகைய பரிசு என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இலண்டன் பொருளியற் கல்லூரியின் கணக்கியற் பேராசிரியர் மைக்கல் பவர் 1997 இல் 'கணக்காய்வுச் சமூகம்' என்ற நூலில், கணக்காய்வு கம்பனிகளை விட்டு வெளியேறி வைத்தியசாலை, பாடசாலை, பல்கலைக்கழகம் எனப் பரவுவதையும், ஆய்வு செய்யப்படுவதற்கு ஏற்றவாறு நிறுவனங்கள் தம்மை மாற்றிக்கொள்வதையும் விளக்கியிருந்தார். அவரது துறையினர் அந்நூலைப் பாராட்டினர், மேற்கோள் காட்டினர், மேற்கோள்களின் எண்ணிக்கையைத் தத்தம் பதவியுயர்வு விண்ணப்பத்திற் சேர்த்துக்கொண்டனர். மில்லரும் ஒலியறியும் எழுதிய ஆளத்தக்க ஆள், நியமச் செலவு அட்டையைக் கையில் ஏந்தி, இப்போது விரிவுரை மண்டபத்தில் நின்றான்.

ஹொப்வூட் இதனை உணராதவரல்லர். 2007 இல், அவர் எதிர்த்து நின்ற அதே 'அக்கவுன்ரிங் றிவியூ' சஞ்சிகையில், கணக்கியலாய்வு எங்கே செல்கின்றது என்று வினவி ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வாளர் அச்சம் மிகுந்தவராகவும் தொழில் முன்னேற்றமே குறியானவராகவும் மாறிவிட்டனர் என்பது அவரது விசனம். பக்கங்கள் பெருகியிருந்த வேளையிலேயே வினாக்கள் சுருங்கிவிட்டன என்று அவர் கண்டார். 2010 இல் அவர் காலமானார். அவருக்குப் பின் அச்சஞ்சிகை ஆய்வுகூடப் பரிசோதனை முறைக் கட்டுரைகளின் பக்கம் மேலும் சாய்ந்துவிட்டது என்பதே எமது மதிப்பீடு.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. வெளியீட்டாளருக்கு இதழ்கள் கூடவேண்டும். தரப்பட்டியலில் நிற்க விரும்பும் ஆசிரியர் குழுவுக்கோ கட்டுரைகள் குறையவேண்டும். ஏனெனில், தாக்கக் காரணி என்ற அளவுகோல், முந்திய ஈராண்டுகளில் வெளிவந்த ஆக்கங்கள் பெற்ற மேற்கோள்களை அவ்வாக்கங்களின் தொகையால் வகுத்துப் பெறப்படுவது. கட்டுரை கூடினால் வகுக்கும் எண் கூடும், ஈவு குறையும். ஆகவே எளிதில் மேற்கோள் காட்டப்படக்கூடியது நுழைகின்றது. பண்டாரவளைத் தோட்டமொன்றின் செக்றோலை எத்தனைபேர் மேற்கோள் காட்டப் போகின்றனர்? 1926 முதல் காலாண்டிதழாக இருந்த 'அக்கவுன்ரிங் றிவியூ' இந்நூற்றாண்டில் ஆறு இதழ்களானதற்கும் புதிய வினாக்களைத் தேடிப் பயனில்லை. பதவி நிரந்தரம் பெறக் காத்திருக்கும் ஆசிரியரின் வரிசை நீண்டது, பக்கங்கள் நீண்டன. ஒரே தரவுத் தொகுதியை ஒரே புள்ளிவிபர முறையாற் கடைந்தெடுக்கும் கட்டுரைகள் அவற்றை நிரப்பின.

இன்று இதழ் என்ற அலகே கரைந்துவருகின்றது. கட்டுரை ஏற்கப்பட்டவுடனேயே இணையத்தில் வெளியாகிவிடுகின்றது. அச்சுக்கூலியும் தபாற் செலவும் குறைந்த பின்னரும் விலை குறையவில்லை. எல்லோரும் இலவசமாக வாசிக்கத் திறந்துவிடவேண்டுமாயின் எழுதியவரோ அவரது நிறுவனமோ சில ஆயிரம் அமெரிக்க டொலரைச் செலுத்தவேண்டும். 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் கண்ட ஒரு நாட்டின் பல்கலைக்கழக ஆசிரியருக்கு இவ்வாசல் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றே. தேயிலையை ஏற்றி அனுப்பிவிட்டு, அத்தேயிலையைப் பறித்தவரைப் பற்றிய கட்டுரையை டொலர் கொடுத்து வாங்கும் நிலையில் நாம் உள்ளோம்.

மொழிப் பிரச்சினை இன்னொன்று. 'விமர்சன நோக்குகள்' சஞ்சிகை ஆங்கிலத்தோடு நில்லாது பிரெஞ்சு, ஸ்பானிய மொழிக் கட்டுரைகளையும் ஏற்க முன்வந்தது. இது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் அவ்விரண்டும் ஒருகாலத்திற் பேரரசுகளின் மொழிகளே என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அடித்தள மக்களின் கணக்கியலைப் பற்றிப் பேசும் கட்டுரை அம்மக்களின் மொழியில் ஒரு பக்கச் சுருக்கத்தையேனும் தாங்கி வருவது எட்டு இதழ்களுக்குரிய பக்கங்களை வைத்திருக்கும் சஞ்சிகைக்குப் பெருஞ் சுமையன்று. அப்பக்கத்தை எழுதுவோர், துண்டு, தலைக்காசு, பேர், அரைப்பேர் என்பவற்றுக்கு ஆங்கிலத்திலிருந்து கலைச்சொல் பெயர்க்க வேண்டியிராது. அவை தோட்டத்து மக்களிடம் ஏற்கனவே உள்ளன. எமது வணிகத்துறைகளின் விரிவுரைக் குறிப்புகளிலேதான் அவை இன்னும் இடம்பெறவில்லை.